செவலை தானா வந்துரும்

முடிச்சுப் போட்டு முடித்த பிறகுதான் தன் கை என்ன செய்திருக்கிறது என்று அன்னக்கொடிக்குத் தெரிந்தது. தினமும் செய்கிற வேலை, கை பாட்டுக்குச் செய்துவிட்டது. பூண்டு காயப்போடுகிற கொட்டகையின் நடுக்காலில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் குதிரைக்குட்டி. கழுத்தை இறுக்காத, ஆனால் எவ்வளவு இழுத்தாலும் கழன்றுகொள்ளாத முடிச்சு, அவள் புருஷன் தவசி சொல்லிக்கொடுத்தது. குட்டி அவள் விரலைச் சப்பியது. ஆனி மழையில் பிறந்த குட்டி, ஓடினால் இன்னும் காலெல்லாம் ஆளுக்கொரு திசைக்குப் போகும். அதன் வாய்க்குள் அடுப்படிச் சூடு மாதிரி ஒரு சூடு. விரலை உருவிக்கொண்டு வெளியே வந்தாள். குதிரைகள் மூன்றும் பொதி ஏற்றி நின்றன. முன்னால் செவலை, கழுத்தில் மணி. கொட்டகைப் பக்கமாகக் காதைத் திருப்பி வைத்துக்கொண்டு முன்னங்காலால் ஈரமண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. குட்டியைக் கட்டிப்போட்டால்தான் தாய் திரும்பும். இந்த மலையில் குதிரை வைத்திருக்கிற எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். தோட்டத்துக்கும் தார்ரோட்டுக்கும் நடுவே வண்டிப்பாதை கிடையாது, பீன்ஸும் சௌசௌவும் குதிரை முதுகில்தான் இறங்கும். ரோட்டில் பொதியை இறக்கிவிட்டுச் செவலையின் பின்பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினால் போதும், ஆள் கூடவர வேண்டியதில்லை, அது குட்டியைத் தேடி ஏறிவிடும், மற்ற இரண்டும் மணிச்சத்தத்துக்குப் பின்னால் ஏறும். கல்யாணமாகி வந்த புதுசில், அப்போது செவலைக்கு வேறொரு குட்டி, ஆளே இல்லாமல் பனிக்குள்ளிருந்து மூன்று குதிரைகள் வரிசையாக ஏறி வருவதைப் பார்த்து அன்னக்கொடி கைகொட்டிச் சிரித்தாள். எப்படி அத்தை இதுகளுக்கு வழி தெரியுது என்று மாமியாரிடம் கேட்டாள். ஒச்சம்மா சொன்னாள், "வழியா தெரியும் அதுக்கு? மடி கனக்குதுல்ல, அது இழுத்துட்டு வருது." அதற்கும் சேர்த்துத்தான் சிரித்தாள். பத்தொன்பது வயசு, எதற்கும் சிரிப்பு வரும்.

இப்போது, ஆஸ்பத்திரியில் கிடக்கிற அம்மாவைப் பார்க்கப் போகிற வழியில், செவலைக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தாள். புரட்டாசிப் பனி இன்னும் விலகவில்லை. பேரிமரத்தில் இலை பழுக்க ஆரம்பித்திருந்தது, விழுந்த பேரிக்காய்களில் குளவி மொய்த்தது, வழியெல்லாம் புளித்த வாடை. வெயில் வரும், வந்தாலும் சூடு இருக்காது, வீட்டுக்கு வந்த சொந்தக்காரன் உட்காராமலே போகிற மாதிரி ஒரு வெயில். பிள்ளை எழுந்திருக்கும். இந்நேரம் எழுந்திருக்கும். எழுந்தவுடன் தொட்டில் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும், எட்டிப்பார்க்கும், அம்மா அடுப்படியில் இல்லை, தொழுவத்தில் இல்லை. தன்ஷிகா. தவசி டிவியில் கேட்டு வைத்த பேர், ஒச்சம்மாவுக்கு வாயில் நுழையாது, தஞ்சி என்பாள், தஞ்சி, இங்க வாடி என்பாள், பிள்ளையும் அந்தப் பேருக்குத்தான் திரும்பிப் பார்க்கிறது. காலையில் எழுப்பிப் பால் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள். தூக்கத்திலேயே குடித்தது, பாதிக்கு மேல் குடிக்கவில்லை, புதுப்பல்லால் ஒரு கடி கடித்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. மிச்சம் இங்கேதான் இருக்கிறது, இரண்டு பக்கமும் கல் மாதிரி. இறக்கத்தில் காலை ஊன்றும்போதெல்லாம் வலித்தது. தூக்கிக்கொண்டு வந்திருந்தால் வழியில் எங்காவது பாறையில் உட்கார்ந்து கொடுத்திருக்கலாம். தூக்கிக்கொண்டு வரத்தான் நினைத்தாள். துணி மடித்துப் பையில்கூட வைத்துவிட்டாள். ஒச்சம்மா அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள். "ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையத் தூக்கிட்டுப் போவாளாம்ல. ஊர்ச்சீக்கெல்லாம் அங்கனதான் படுத்துக் கெடக்கு. பிள்ளை இங்கன இருக்கட்டும். நீ பாத்துட்டு சாயந்தரம் வந்துருவேல்ல?" கேள்வி மாதிரித்தான் இருந்தது. அன்பு மாதிரிகூட இருந்தது. பைக்குள் வைத்த சின்னச் சட்டைகளை அன்னக்கொடி ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டாள். தவசி படுத்த வாக்கிலேயே, "போறதுதான் போற, அப்படியே பொதிய எறக்கி விட்டுட்டுப் போ. எனக்கு இடுப்பு பிடிச்சிருக்கு" என்றான். அம்மாவைப் பார்க்கப் போகிற அன்றைக்கும் ஒரு நடை பொதி. பிறகு எழுந்து வாசல் வரைக்கும் வந்தான், இடுப்பைப் பிடிக்காமலே வந்தான். "இருட்டுக்குள்ள வந்துரணும். வரலைன்னா அங்கேயே இருந்துக்க. பிள்ளைய நாங்க பாத்துக்குவோம்." எவ்வளவு தன்மையாகச் சொன்னான். கோபமாகச் சொல்லியிருந்தால் வெறும் கோபம் என்று விட்டிருப்பாள். அவள் "சரிங்க" என்றாள். ஏன் சரிங்க என்றாள்? எதற்குச் சரி? பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், டீச்சர் கேட்டால் தெரிந்த பதில் தொண்டையில் நிற்கும், உட்காரச் சொன்ன பிறகு வாய்க்கு வரும். அஞ்சாவதோடு நின்றதற்கு யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை. இப்போது பதில் வந்தது. என் பிள்ளைய நான் தூக்கிட்டுத்தான் போவேன், எங்கம்மா பேத்திய ஒருதரம் பாக்கட்டும். நன்றாகத்தான் வந்தது, ஒரு திக்கல் இல்லை. செவலையின் வாலைப் பார்த்துச் சொன்னாள். வால் ஒரு ஈயை விரட்டியது.

அம்மாவுக்குக் கழுத்தில் கட்டி. இன்றைக்கு மத்தியானம் அறுக்கிறார்கள். அண்ணன் பரமன் நேற்று ஜீப்புக்காரரிடம் சொல்லிவிட்டிருந்தான், அம்மா உன்னைத்தான் கேக்குது, அறுக்கிறதுக்கு முன்னால ஒருதரம் வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போ. அறுத்த பிறகு என்று சொல்லவில்லை. அறுக்கிறதுக்கு முன்னால். ஜீப் இறங்கி ஊருக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்து, ஆஸ்பத்திரியில் எந்த வார்டு என்று தேடி, வாசலில் இருக்கிறவனிடம் கேட்கவே அவளுக்கு நேரம் பிடிக்கும், கேட்கிற மாதிரி யார் முகம் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து நிற்பாள், பிறகு அம்மா, அம்மாவோடு கொஞ்சம், பிறகு பஸ், மலைக்குக் கடைசி ஜீப் வெயில் சாய்கிறதற்கு முன்னால் கிளம்பிவிடும். பொருந்தவில்லை. மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்த்தாள், பஸ் உடனே கிடைத்தால், வார்டு வாசலிலேயே அண்ணன் நின்றால், அம்மாவோடு நிற்காமல் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு, அப்போதும் பொருந்தவில்லை, குட்டைத் துண்டை இடுப்பில் சுற்றுகிற மாதிரி எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரு பக்கம் போதவில்லை. தவசிக்கும் அது தெரியும். ஒச்சம்மாவுக்கு அவனைவிட நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சாயந்தரம் வந்துருவேல்ல என்றாள். வரவில்லையென்றால்? வெறும் மிரட்டல், நாளைக் காலையில் போனாலும் கதவைத் திறந்துதான் ஆகவேண்டும். திறப்பார்கள், வேலைக்கு ஆள் வேண்டுமே. ஆனால் பிள்ளை? பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒச்சம்மா மார்பில் வேப்பெண்ணெய் தடவுகிற கதை சொல்லிக்கொண்டே இருக்கிறாள், வருசம் தாண்டியாச்சு, இன்னும் என்ன பால், மறக்கடிச்சுரணும், நீ நாலு நாளு கண்ணுல படாம இருந்தா அதுவா மறந்துரும். பாலை மட்டுமா. வரக்காப்பியில் ரொட்டியை ஊறவைத்து ஊட்டினால் பிள்ளை ஒச்சம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரியும். திரும்பி வந்து கையை நீட்டினால், யாரோ என்று பார்க்கும். ஒரு ராத்திரியில் மறக்குமா? ஒரு வயசுப் பிள்ளைக்கு ஒரு ராத்திரி எவ்வளவு பெரிசு என்று யாருக்குத் தெரியும்.

பாறை வழுக்கும் இடத்தில் செவலை தானாக நின்று, காலை வைத்துப் பார்த்து, இறங்கியது. பின்னால் வந்த குதிரையின் பொதி இடப்பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது. அன்னக்கொடிக்கு முதுகில் சுரீர் என்றது. ஓடிப்போய்த் தோளைக் கொடுத்துத் தூக்கி வாரை இழுத்துக் கட்டினாள், மறுபக்கம் போய்ப் பார்த்தாள், திரும்ப வந்து பார்த்தாள். மாசி மாசம் இதற்குத்தான் அடி வாங்கினாள். ஒரு பக்கச் சாக்கில் பனியில் நனைந்த காய், மறு பக்கத்தில் பந்தலடியில் காய்ந்த காய், பார்வைக்கு இரண்டு சாக்கும் ஒரே உசரம், அவளும் ஒரே உசரமாகத்தான் கட்டினாள், நனைந்தது கனக்கும் என்று யோசிக்கவில்லை. பாதி இறக்கத்தில் பொதி சரிந்து செவலையின் முதுகில் கையகலத்துக்குத் தோல் உரிந்துவிட்டது. புண் ஆறும்வரை பொதி ஏற்ற முடியாது. தவசி அந்த வாரையே அவிழ்த்துத்தான் அடித்தான். செவலைக்கு மஞ்சள் அரைத்துப் பூசினார்கள். அவள் அன்றைக்கே மலையிறங்கி அம்மா வீட்டுக்குப் போனாள், பிள்ளைக்கு அப்போது குப்புற விழுகிற வயசு, தூக்கப் போனபோது ஒச்சம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டாள். அம்மா அவள் முதுகைப் பார்த்து அழுதது. வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுத்தது, சோறு போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கையில புத்து வைக்க என்று திட்டியது. விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் கேட்டது. "பிள்ளை எங்கடி?" விட்டுட்டு வந்துட்டேன் என்றதும் அம்மா முகம் மாறியதே, அதுதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது, முதுகைப் பார்த்து அழுத அதே முகம். "பெத்த பிள்ளைய விட்டுட்டு வந்தவளுக்கு எந்த வீட்லயும் எடம் கெடையாது. நாளைக்கி ஊரு என்னயத்தான் காறித் துப்பும். விடியவும் கெளம்பு." விடியவும் கிளம்பினாள். ஜாக்கெட் முன்பக்கம் முழுக்க நனைந்து, சேலையைச் சுற்றிப் போர்த்தி, ஒரு இடத்தில்கூட உட்காராமல் ஏறினாள். வாசலில் ஒச்சம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "பாத்தியாடா தவசி, செவலையவிட வெரசா வந்துட்டா." தவசி சிரித்தான். பக்கத்துத் தோட்டத்துக்காரி வந்திருந்தாள், அவளும் சிரித்தாள். தானும் சிரித்ததைத்தான் அன்னக்கொடியால் தாங்கமுடியவில்லை. பிள்ளையை வாங்கி மார்போடு போட்டுக்கொண்டு, பால் இறங்குகிற சுகத்தில், எல்லாரும் சிரிக்கிறார்களே என்று அவளும் பல்லைக் காட்டினாள்.

அந்த அம்மாதான் இன்றைக்குக் கூப்பிடுகிறது. எதற்கு? மூஞ்சியைக் காட்டிவிட்டுப் போ என்றால் என்ன அர்த்தம். அன்றைக்கு அனுப்பியது தப்பு என்று சொல்லவா? சொல்லாது. அம்மா எந்தக் காலத்திலும் அப்படிச் சொன்னதில்லை. கட்டிலில் படுத்தபடி முதலில் அவள் முகத்தைப் பார்க்கும், உடனே இடுப்பைப் பார்க்கும். வெறும் இடுப்பு. பிள்ளை எங்கடி? கழுத்தில் கத்தி வைக்கப் போகிற நேரத்திலும் அதைத்தான் கேட்கும். என்ன சொல்ல. இப்போதே பதிலை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள், அங்கே போய்த் தொண்டையில் நிற்கக்கூடாது. தூங்குதும்மா. சளிம்மா, அதான் தூக்கிட்டு வரல. அவங்க பாத்துக்கிறாங்கம்மா, நல்லாப் பாத்துக்கிறாங்க. ஒவ்வொன்றையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள், ஒவ்வொன்றுக்கும் அம்மா அந்த முகத்தோடே பார்த்தது. இல்லை, போகாமலே இருந்துவிடலாம். பொதியை இறக்கிவிட்டுச் செவலையோடு ஏறிவிடலாம், அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது, கட்டி எத்தனை பேருக்கு அறுக்கிறார்கள். ஆனால் ஒன்று ஆகிவிட்டால், அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு புரட்டாசியிலும் இந்தப் புளித்த பேரிக்காய் வாடை வருமே. அட்டை ஒன்று கணுக்காலில் ஏறியிருந்தது. பிய்த்துப் போட்டாள். ரத்தம் நிற்காமல் வடிந்தது, வலியே இல்லை.

ரோட்டில் ஜீப் கிளம்பத் தயாராக நின்றது. காய்களை ஏற்றிப்போகிற வேன்காரர் சாக்குகளை வாங்கிக்கொண்டார். ஜீப்புக்காரர் அந்தோணி டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன தங்கச்சி, இன்னைக்கு நீதான் குதிரைக்காரியா? தவசி எங்க, படுத்துட்டாப்ளயா?" அவள் தரையைப் பார்த்துச் சிரித்தாள். "இடுப்பு பிடிச்சிருக்காம்ணே." "ஆமா, சீட்டுக்கட்டத் தூக்கித் தூக்கி அவனுக்கு இடுப்பு பிடிக்காம என்ன செய்யும்" என்று அவர் சொல்ல, வேன்காரர் சிரித்தார். பிறகு அந்தோணி குரலைத் தாழ்த்தினார். "ஒங்கண்ணன் காலையிலயும் போன் போட்டான். வெரசா ஏறு. இந்த டிரிப்ப விட்டா மத்தியானந்தான்." செவலையின் கழுத்தைத் தொட்டாள், வேர்வையில் சூடாக இருந்தது. அதன் மடியைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். காம்பில் ஒரு சொட்டுத் தொங்கியது. இன்றைக்கு ஒருநாள் இது இங்கேயே நிற்கட்டுமே. புல்லைக் கடிக்கட்டும், வெயில் காயட்டும், வரமாட்டேன் என்று ஒரு கால் மணிநேரம் அடம் பிடிக்கட்டும். அப்படி நின்றால் தானும் தைரியமாக ஏறலாம் போல இருந்தது. தட்டக்கூட இல்லை. கடைசிச் சாக்கு இறங்கியதும் செவலை திரும்பிவிட்டது. மணி குலுங்கியது. மற்ற இரண்டும் பின்னால் திரும்பின. வளைவு திரும்பும்போது ஒருதரம் கனைத்தது, குட்டிக்குக் கேட்காத தூரம், ஆனாலும் கனைத்தது. அன்னக்கொடியின் கால் இரண்டும் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தன. பாதையில் ஏறிவிட்டாள் என்பதே அந்தோணி "தங்கச்சி!" என்று கத்தியபோதுதான் தெரிந்தது. "ஏறுறியா இல்லையா?" திரும்பி ஓடிவந்து ஏறினாள். ஏறின பிறகும் ஒரு கால் படியிலேயே இருந்தது. வண்டி நகர்ந்தபோது அதையும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

பின்சீட்டில் எதிரெதிராக ஆட்கள், முட்டியோடு முட்டி. பேரிக்காய் மூட்டைகள், ஒரு கோழிக்கூடை, கீழே விசேஷத்துக்குப் போகிற கொழுத்த ஒரு குடும்பம், நெற்றி நிறைய விபூதியோடு எதிரே ஒரு பெரிய பொம்பளை. ஒவ்வொரு வளைவும் அவளைக் கீழே இறக்குகிறது, பிள்ளை அதே இடத்தில் இருக்கிறது, ஒரு வளைவுக்கு ஒரு வளைவு கயிறு நீள்கிற மாதிரி, எங்கேயோ ஒரு இடத்தில் முடிந்து இழுக்கும், எந்த இடத்தில் என்று அவள் காத்திருந்தாள். இந்த வளைவிலா. இல்லை. அடுத்ததிலா. முன்சீட்டில் யாருடையதோ கைக்குழந்தை அழுதது. சின்ன அழுகைதான், பசி அழுகை. அவ்வளவுதான். இரண்டு பக்கமும் ஊசி குத்தினது போல ஆகி, சூடாக இறங்கியது. கையை மடித்து அழுத்தினாள். நிற்கவில்லை. அது யார் பிள்ளை என்று பார்க்கவில்லை, பால் கேட்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை, மானங்கெட்ட உடம்பு, அழுகிற சத்தம் கேட்டால் போதும். நீல ஜாக்கெட்டில் கறுப்பாகப் பரவியது. சேலையை இழுத்துப் போர்த்தினாள், சேலையும் நனைந்தது. எதிரே இருந்த பெரிய பொம்பளை பார்த்துவிட்டாள். "ஏந்தாயி," என்றாள், ஜீப்புச் சத்தத்துக்கு மேலே, எல்லாருக்கும் கேட்கும்படி, "பால் கட்டிப்போச்சு போலயே. கைப்பிள்ளைக்காரி, பிள்ளைய எங்க விட்டுட்டு வந்த?" எல்லா முகமும் திரும்பியது. அம்மாவின் முகம் அத்தனை பேருக்கும் வந்து ஒட்டிக்கொள்ளப்போகிறது என்று அன்னக்கொடிக்குத் தெரிந்தது. வீட்டில் விட்டுட்டு வந்தேன் என்றால் வண்டியை நிறுத்தச் சொல்லுவார்கள், பாவம் பிள்ளை, என்ன மனசுடி ஒனக்கு, எறங்கு, எறங்கிப் போ. அவளும் இறங்கிப் போய்விடுவாள். அதுதான் பயம். யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஓடிவிடுவாள்.

"பிள்ளை இல்லீங்க" என்றாள்.

பெரிய பொம்பளை அவள் முகத்தைப் பார்த்தாள், நனைந்த ஜாக்கெட்டைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள். வாயில் கையை வைத்துக்கொண்டாள். அவள் என்ன நினைத்துவிட்டாள் என்று அன்னக்கொடிக்குப் புரிந்தது. இல்லை, அப்படி இல்லை, உசுரோடு இருக்கிறது, தொட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று சொல்ல இன்னும் நேரம் இருந்தது. அந்த நேரம் முழுவதும் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். பொம்பளை தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் மார்பின் மேல் போட்டு, குனிந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள். "எப்ப தாயி?"

"இன்னைக்குக் காலையில" என்றாள் அன்னக்கொடி.

பக்கத்தில் இருந்தவர்கள் ஒடுங்கி உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள். முன்பக்கக் கண்ணாடியில் அந்தோணியின் கண் அவளையே பார்த்தது. போன மாசம் பிள்ளைக்கு ஊசி போட ஏற்றிப்போனது அவர்தான், இறங்கும்போது தன்ஷிகா அவர் மீசையைப் பிடித்து இழுத்து விடவே இல்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் கியரை மாற்றினார்.